சபையில் சொல்ல ஒரு வார்த்தை

கோயம்புத்தூர்
3 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுறேன். எந்தத் தம்பின்னு முழிக்காத, உனக்கு ஒரே ஒருத்தன்தான். ஜெரூஷான்னு நீ இடுப்புல தூக்கிட்டு இரும்புலியூர் முழுக்கச் சுத்தினியே, அதே ஆள். இப்ப பேர் காலேப். மீசை சுமாரா வளர்ந்திருக்கு, சிரிக்காத. மோட்டார் பம்ப் கம்பெனியில செக்கிங் வேலை. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நின்னு நின்னு கால் வலி மட்டும். நீ, மச்சான், உன் மக ஜான்சி எல்லாரும் சௌக்கியமா?

நம்ம வீட்டுக்கு எழுதினா நேரா அப்பா கையிலதான் விழும், உன் வீட்டு விலாசம் என்கிட்ட இல்ல. அதான் உன் ஸ்கூலுக்கு எழுதுறேன். போன் நம்பர் தரமாட்டேன், உறையில உள்ள விலாசமும் உன்னோட இருக்கட்டும். போன தடவை அப்பா நம்பரை வச்சு ஆளைக் கூட்டிட்டுப் பழைய ரூம் வாசல்ல வந்து நின்னாரே, அந்த பேஜார் ஒரு தடவை போதும்.

விஷயத்துக்கு வரேன். என்கூடப் படிச்ச தையல்நாயகி ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை பார்த்துட்டு இருந்தா. குவைத் போறதுக்கு முன்னாடி மெசேஜ் போட்டா. "உங்க அம்மா வந்தாங்க, ரிப்போர்ட் நல்லா இல்லடா"ன்னு. அன்னைக்கிலேருந்து எனக்குச் சோறு இறங்கல.

நான் அம்மாவைப் பார்க்கணும். ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, அவங்க பிள்ளையா உள்ள வந்து கட்டில் பக்கத்துல உட்காரணும். ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லாம வந்து, கேட்டுல அப்பா போட்ட கூச்சல்ல அம்மா மயங்கி விழுந்தது ஞாபகம் இருக்கு. அதனால இந்தத் தடவை அப்பா சரின்னு சொல்லாம படி ஏறமாட்டேன். நீதான் அவர்கிட்ட பேசணும்.

அம்மாகிட்ட நான் எழுதினேன்னு சொல்லு.

உன்,
காலேப்

---

கிழக்குத் தாம்பரம்
15 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான ஜெரூவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

ஸ்கூல் திறந்த அன்றைக்கே ஆபீஸ் லோகநாதன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படிக்க முடியாமல் லேபுக்குள் போய்ப் படித்தேன்.

தையல்நாயகி சொன்னது நிஜம். கர்ப்பப்பையில் வந்தது, இப்போது ஈரலுக்குப் போய்விட்டது. டாக்டர் ஆறு மாதம் என்கிறார். அம்மாவுக்கு ஆறு மாதம் என்று நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவங்களுக்குத் தெரியும். கஞ்சிதான் இறங்குகிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேரும் ரெண்டு மாதமாக அப்பா வீட்டில்தான் இருக்கிறோம்.

நீ நம்பர் தராததும் நல்லதுதான். உன்னோடு போனில் பேசமாட்டேன் என்று அப்பா என்னை வேதத்தின்மேல் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிவிட்டார். கடிதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஸ்கூல் விலாசம் போட்டு எழுதுகிறேன்.

அப்பாவிடம் பேசினேன். முதலில் எழுந்து போய்விட்டார். மறுநாள் அவராகவே வந்து என்ன சொன்னார் தெரியுமா? "வந்தால் சபை விசாரிக்க வரும். இது யார் என்று கேட்பார்கள். கமிட்டி செக்ரட்டரி நான், எழுந்து நின்று என்னவென்று சொல்வேன்? முப்பத்துமூன்று வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தேன், என் வாயில் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. சபையில் கூசாமல் சொல்கிற மாதிரி ஒரு நல்ல தமிழ் வார்த்தை இருந்தால் கொண்டுவரச் சொல், பார்க்கலாம்."

பார்க்கலாம் என்று அவர் வாயில் வந்ததே பெரிய விஷயம். உனக்குத் தெரிந்ததை விவரமாக எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஹில்டா

---

கோயம்புத்தூர்
21 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

ஒரு வார்த்தைதானே? அம்மாவைப் பார்க்க அதுதான் டிக்கெட்னா லிஸ்ட்டே போட்டுத் தரேன். நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் அகராதிதான். சின்ன வயசுல அழுதாக்கூட "துயரமா, துக்கமா?"ன்னு கேட்ட மனுஷன் அவர்.

அலின்னு ஒண்ணு இருக்கு. பழைய நூல்ல எல்லாம் சாதாரணமாத்தான் வருது, திட்டு இல்ல. ஆனா இன்னைக்கு பஸ்ல பின்னாடி சீட்டுலேருந்து அதைச் சொன்னா நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன். நம்பர் வச்சுச் சொல்றதை நான் எழுதவே மாட்டேன். அப்புறம் அரவாணி. கூவாகம் கோயில்ல அரவானுக்குத் தாலி கட்டிக்கிறவங்க, அதுலேருந்து வந்த பேர். அலியை விட்டுட்டு அதைச் சொல்ல ஆரம்பிச்சப்ப இங்க உள்ள அக்காங்க எல்லாம் எவ்வளவு சந்தோஷப்பட்டாங்களாம். முதல் தடவையா திட்டாத ஒரு பேர் கிடைச்சுதேன்னு. அப்புறம் சர்க்காரே வாரியம் அமைச்ச சமயத்துல திருநங்கை பரவிச்சு. இது ரெண்டும் பெண்ணா ஆனவங்களுக்கு, எனக்கில்ல. ஃபார்ம்ல "மூன்றாம் பாலினம்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் அடிக்கிறப்பல்லாம், முதல் ரெண்டு யாருன்னு கேக்கத் தோணும்.

சுப்பராயலு அண்ணன்கிட்ட கேட்டேன். எங்க ரூமுக்குக் கீழ டீக்கடை வச்சிருக்கார், ஐம்பத்தெட்டு வயசு. பம்மல்ல தோல் கம்பெனி லைன்ல பொண்ணாப் பொறந்தவர், பதினெட்டு வயசுல லுங்கி கட்டிக்கிட்டு ஊரை விட்டு வந்துட்டார். "எங்க காலத்துல இதுக்கு இன்னா பேருன்னே தெரியாது. என்னை மாதிரி உலகத்துல நான் ஒருத்தன்தான் கீறேன்னு நெனச்சிகினு இருந்தேன்"னார். அப்புறம், "வார்த்தைய எடுத்துகினு வூட்டுக்குள்ள போனவன் எவன்டா?"ன்னு சிரிச்சார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. அவருக்கு நம்ம அப்பாவைத் தெரியாது.

இதை முதல்ல வாசிச்சுக் காட்டு. நல்லதை அடுத்ததுக்கு வச்சிருக்கேன்.

அம்மாவுக்கு முன்னாடி பட்டன் வச்ச காட்டன் நைட்டி ரெண்டு அனுப்பியிருக்கேன். கையைத் தூக்க வலிக்கும்ல, தலைவழியா மாட்ட வேணாம். சைஸ் சரியான்னு எழுது.

காலேப்

---

கிழக்குத் தாம்பரம்
10 ஜூலை 2024

கர்த்தருக்குள் பிரியமான ஜெரூவுக்கு,

இங்கே யாவரும் அவருடைய பாதுகாப்பில் சுகம். உன் கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சரியமாக, நடுவில் எழுந்து போகவில்லை. அரவாணி கோயில் கதை, சபையில் நின்று அதைச் சொல்ல முடியாது என்றார். மூன்றாம் பாலினம் என்பதற்கு, "என் வீட்டில் மூன்றாவது யாரும் பிறக்கவில்லை" என்றார். ஆனால் மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அவராகவே, "வேறு எழுதினதா?" என்று கேட்டார். பார்த்தாயா! எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இன்னொரு சந்தோஷச் செய்தி. ஜான்சிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பேங்கில் வேலை, பம்மலில் சொந்த வீடு. அவருடைய அப்பா அங்கே சபையில் பெரிய ஆள், ரொம்ப ஒழுங்கு பார்க்கிற குடும்பம். அம்மா கண் மூடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் ஆசை. ஜெபித்துக்கொள்.

அம்மா ரெண்டு நாளாகக் கொஞ்சம் பேசுகிறாங்க. மாங்காய் ஊறுகாயை நாக்கில் தொட்டு வைத்தால் கஞ்சி இறங்குகிறது.

ஹில்டா

---

கோயம்புத்தூர்
17 ஜூலை 2024

அன்பு அக்காவுக்கு,

ஜான்சிக்குக் கல்யாணமா! என் தோள்ல உட்கார்ந்து முடியைப் பிச்சு எடுத்த குட்டிப்பிசாசு! அவ மாப்பிள்ளைகிட்ட, "மாமாகிட்ட பர்மிஷன் வாங்கினியா"ன்னு கேளு. தேதி முடிவானா உடனே எழுது. வெளியில நின்னாவது பார்க்கிறேன்.

இப்ப அப்பாவுக்கு. நல்லா நிமிர்ந்து உட்காரச் சொல்லிட்டு வாசி.

திருநம்பி. இதுதான் நான். திருநங்கைக்கு ஜோடியா எங்க ஆளுங்களே புழங்கி, மீட்டிங்ல சொல்லி, நோட்டீஸ்ல அடிச்சு வந்த வார்த்தை. முதல்ல நாங்களே சொல்லிப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம், ஏதோ பெரிய மனுஷன் பேர் மாதிரி இருக்கேன்னு. ரெண்டு வருஷம் முன்னாடி சர்க்கார் கெஜட்ல போட்ட வார்த்தைப் பட்டியல்லயும் வந்துடுச்சு. நம்பின்னா ஆடவர்ல உயர்ந்தவன்னு அப்பாவே எனக்கு எட்டாவதுல சொல்லிக் கொடுத்திருக்கார். திட்டு இல்ல, கோயில் கதை இல்ல, இங்கிலீஷ் இல்ல. சபையில சொல்ல இதுக்கு மேல என்ன வேணும்?

இன்னொண்ணு. அவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்துவாரே பழைய இலக்கணம், அதுல பெண் தன்மையை விட்டு ஆணா இருக்க விரும்புறவங்களை ஆணாவே சொல்லணும்னு ஒரு நூற்பா இருக்கு. எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாடி எழுதினது. நான் ஹால்ல ஹோம்வொர்க் செஞ்சிட்டு இருப்பேன், அவர் ட்யூஷன் பசங்களுக்கு அதை ராகம் போட்டுச் சொல்வார். எனக்குப் பதினாலு வயசு. பேனாவைக் கீழ வச்சிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் இருக்கேன்னு எனக்கு முதல்ல சொன்னது அவர்தான். இதை அவருக்குச் சொல்லு அக்கா. கோவமா சொல்லாத, சும்மா சொல்லு.

நைட்டி சரியா இருந்துதா?

காலேப்

---

கிழக்குத் தாம்பரம்
25 ஆகஸ்ட் 2024

பிரியமான ஜெரூவுக்கு,

சமாதானம் உண்டாகட்டும். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நிச்சயதார்த்த வேலை, ஸ்கூலில் தேர்வு, அம்மாவுக்கு ஊசி என்று ஓட்டம்தான்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணம் செப்டம்பர் கடைசியில், சீக்கிரமாக வைத்திருக்கிறோம், காரணம் உனக்கே தெரியும். செப்டம்பர் முதல் மூன்று ஞாயிறும் சபையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பார்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். பம்மல் சபையிலும் அதே மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள்.

நீ எழுதினதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார். யோசிக்கிறார். அவரை அவசரப்படுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறு.

அம்மாவுக்கு இப்போது அதிகத் தூக்கம். மருந்து அப்படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹில்டா

---

கோயம்புத்தூர்
31 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

அஞ்சு வாரம் கழிச்சு நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பாரா, ஊசிக்கு ஒரு வரி, எனக்கு "யோசிக்கிறார்". என்ன யோசிக்கிறார்? கேட்டுட்டு என்ன சொன்னார்? சிரிச்சாரா, திட்டினாரா, எழுந்து போனாரா? நீ ஒண்ணு விடாம எழுதுறவ. இருமினாக்கூட எழுதுவ. இந்தத் தடவை ஒண்ணுமே இல்லையே.

டாக்டர் ஆறு மாசம்னு சொன்னதுல மூணு போயிடுச்சு. அதிகத் தூக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? சுப்பராயலு அண்ணன் கூட்டாளிக்கும் கடைசியில அப்படித்தான் இருந்துது.

சூப்பர்வைசர்கிட்ட பத்து நாள் லீவு கேட்டு வாங்கி வச்சிருக்கேன். எந்தத் தேதியிலேருந்து வேணா எடுத்துக்கலாம். நீ ஒரு வரி எழுதினா போதும், ராத்திரி ரயிலைப் பிடிச்சு காலையில தாம்பரத்துல இறங்கிடுவேன். கல்யாண வீட்டுக்கு என்னால ஒரு தொந்தரவும் வராது. யாராவது கேட்டா ஆஸ்பத்திரி அட்டெண்டர்னு சொல்லிக்க. எனக்கு அதுவும் ஓகே. வார்த்தையே வேணாம், அம்மாவைப் பார்த்தா போதும்.

பதில் சீக்கிரம் போடு, காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்.

காலேப்

---

கிழக்குத் தாம்பரம்
7 செப்டம்பர் 2024

பிரியமான ஜெரூவுக்கு,

நீ இப்போது புறப்பட்டு வராதே.

அப்பா அந்த வார்த்தையை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சபையில் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அவர் சரி என்று சொல்லாமல் படி ஏறமாட்டேன் என்று நீயே எழுதினாய், அதை மறக்காதே. இந்த நிலைமையில் வாசலில் ஒரு சத்தம் கேட்டால் அம்மா தாங்கமாட்டாங்க. பதினைந்தாம் தேதி ஞாயிறு போகட்டும். அதற்குப் பிறகு நானே பேசி நானே எழுதுகிறேன். இன்னும் வேறு நல்ல வார்த்தை ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்.

அம்மா அப்படியேதான் இருக்கிறாங்க. பயப்பட ஒன்றும் இல்லை.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

ஹில்டா

---

கோயம்புத்தூர்
17 செப்டம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

பதினஞ்சு முடிஞ்சுது. நீ சொன்ன மாதிரி பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். சரி, இந்தா உனக்கு இன்னொரு வார்த்தை: திருநர். ஆண், பெண் எதுவும் சேராது, பொதுவா எல்லாரையும் சொல்லும். அப்பாவுக்கு நம்பின்னு சொல்லத்தான் கூசுதுன்னா இதைச் சொல்லட்டும். எனக்கு இது சட்டையை மாத்திப் போட்ட மாதிரிதான் இருக்கு, இருந்தாலும் போட்டுக்கிறேன். அதுவும் கஷ்டம்னா "சொந்தக்காரப் பையன்"னு சொல்லட்டும். அதுவும் கஷ்டம்னா ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கு ரோஷம் எல்லாம் போயிடுச்சு.

அம்மா என்னைக் கேக்கிறாங்களா? ஒரு தடவையாவது கேட்டாங்களா? நீ இதுவரைக்கும் அதை எழுதவே இல்லை. நான் அனுப்பின நைட்டி அவங்ககிட்ட போய்ச் சேர்ந்துதான்னுகூட எழுதலை. பட்டனைத் திறந்து மூடுறது ஈஸியா இருக்கா?

லீவு இன்னும் அப்படியே இருக்கு. ஒரு வரி போதும் அக்கா.

காலேப்

---

இரும்புலியூர்
24 செப்டம்பர் 2024

காலேபுக்கு,

உன் தகப்பன் சுந்தர்சிங் எழுதுவது. என் உடம்பு நலமே. உன் நலத்தை விசாரிக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

உன் தாய் பியூலா இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை மதியம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள். வெள்ளிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை ஜான்சியின் மூன்றாவது அறிவிப்பை நானே சபையில் வாசித்தேன். கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது உன் தாயின் சொல்.

உன் பதினேழாம் தேதிக் கடிதம் என் கைக்கு வந்தது. ஹில்டா விடுப்பில் இருப்பதால் பள்ளி ஊழியர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பிறர் கடிதத்தைப் பிரிப்பது தவறு. பிரித்தேன். படித்த பின் பத்து நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீ ஏன் இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாய்?

ஜூன் மாதத்தில் நான் அப்படிக் கேட்டது உண்மை. அது ஆத்திரத்தில் கேட்டது. உன் ஜூலைக் கடிதத்தை ஹில்டா வாசித்துக் காட்டிய அன்று, நான் நடத்திய பாடத்தை நீ ஹாலில் உட்கார்ந்து கேட்டாய் என்ற இடத்தில் என்னால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அன்றைக்கே சொன்னேன், "வரச் சொல். எந்த வார்த்தையும் வேண்டாம். யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று. ஆகஸ்டில் இரண்டு முறை கேட்டேன், வருகிறதா என்று. எழுதியிருக்கிறேன் அப்பா, பதில் இல்லை என்றாள். செப்டம்பரில், வர விருப்பமில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். நான் நம்பினேன். நான் உனக்குச் செய்ததற்கு அது பொருத்தமான பதில் என்று நினைத்துக்கொண்டேன். நானே உட்கார்ந்து நாலு வரி உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் அகம்பாவம் அது.

உன் தாய் கடைசியாக உடுத்தியிருந்தது நீல நிறத்தில் முன்பக்கம் பட்டன் வைத்த உடை. அது நீ அனுப்பியது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

மரண அறிவிப்பு அச்சடிக்கும்போது பிள்ளைகள் பெயரைக் கேட்டார்கள். ஹில்டா என்று சொன்னேன். அடுத்தது என்ன என்று கேட்டார்கள். நீயே வர விரும்பாதபோது எந்தப் பெயரைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. போடவில்லை.

விலாசம் உன் கடித உறையிலிருந்து எடுத்தது. வருவதானால் வா, கதவு திறந்திருக்கும். ஆனால் நீ யாரைப் பார்க்க இத்தனை மாதம் மன்றாடினாயோ அவள் இல்லை. அதற்கு மேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

சுந்தர்சிங்

---

கோயம்புத்தூர்
29 செப்டம்பர் 2024

ஹில்டாவுக்கு,

அப்பா எழுதிட்டார். உங்க வீட்டுல கல்யாணம் இந்நேரம் முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஜான்சி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அவ நல்லா இருக்கட்டும்.

ஏன் பண்ணினன்னு எழுதாத. எனக்குத் தெரியும். மூணு ஞாயித்துக்கிழமை. ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு வாசிக்கிறப்ப பம்மல்காரங்க காதுக்கு நான் போயிடக்கூடாது. அவ்வளவுதானே. நான் ஆட்சேபணை.

வார்த்தை தேடுன்னு எழுதினியே, அப்ப அம்மாவுக்கு அஞ்சு நாள்தான் இருந்துது. நான் இங்க உட்கார்ந்து நோட்டுல எழுதி எழுதிப் பார்த்துட்டு இருந்தேன். சுப்பராயலு அண்ணன்கிட்ட அப்பாவோட கடிதத்தைக் காட்டினேன். மனுஷன் கடையை மூடிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அம்மா என்னைக் கேட்டிருப்பாங்க. கேக்காம இருந்திருக்க மாட்டாங்க. அப்ப நீ என்ன சொன்ன?

அதை மட்டும் எழுது. உன் சுகமும் வேணாம், உன் ஜெபமும் வேணாம்.

காலேப்

---

கிழக்குத் தாம்பரம்
21 அக்டோபர் 2024

காலேப்,

மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னபடி ஏன் என்று எழுதவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா கேட்டாங்க. ஜூலையிலிருந்து தினமும் கேட்டாங்க. அப்பா வரச் சொன்னது அவங்களுக்குத் தெரியும். நான் எழுதிவிட்டேன், ரயில் டிக்கெட் கிடைக்கவில்லையாம், அடுத்த வாரம் வருமாம் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னேன். "வரும்" என்றே சொல்வேன். வருகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, மற்றதைச் சொல்லவும் மனசு வராது. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினோம், ஏதோ ஒரு சாமான் வருகிற மாதிரி. நைட்டியை நான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா துணியைத் தொட்டுப் பார்த்து, "உனக்கு இவ்வளவு யோசனை வராதே" என்றாங்க.

செப்டம்பர் பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நல்ல தெளிவு. தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாங்க. "இன்னைக்கு என்ன கிழமை, இன்னும் வரலையா?" என்று கேட்டாங்க. இனி டிக்கெட் இல்லை என்று சொல்ல முடியாது, அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எப்படியாவது அந்தக் கேள்வி நின்றால் போதும் என்று இருந்தது. "அவனுக்கு வர இஷ்டம் இல்லையாம்மா. எழுதிட்டான்" என்றேன்.

அவன் என்றேன். அம்மா முன்னால் உன்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தானாக வந்துவிட்டது.

அம்மா கோபப்படுவாங்க, அழுவாங்க என்று பார்த்தேன். அப்புறம் என் கையைத் தட்டி, "வேலை ஜாஸ்தியா இருக்கும்டி. அவனைத் திட்டி எழுதாதே" என்றாங்க. அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஹில்டா